கொறவும் குறையும்

வீடு வீடாகக் கொண்டுபோகத் திருப்திப் படிவம் ஒன்றை, மருத்துவப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் ஐந்து முகங்கள் வரைந்திருக்கிறார்களாம். அழும் முகத்தில் தொடங்கிச் சிரிக்கும் முகத்தில் முடிகிறதாம். நோயாளி ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டுமாம். என் காலத்தில் முகங்கள் கிடையாது. ஒரு சொல்லும் இரண்டு பதில்களும்தான். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவள் நான். அதில் நேர்ந்த பிழையைச் சொல்லிவிட்டால், உங்கள் ஐந்து முகங்களையும் சற்று நிதானமாகப் பார்ப்பீர்கள்.

நான் மதுரைப் பக்கத்தில் பிறந்து, அங்கேயே மருத்துவம் படித்து, திருமணத்தால் நெய்யாற்றின்கரைக்கு வந்தவள். பாறசாலையை அடுத்து, மாநில எல்லைக்கு நடந்துபோகும் தொலைவில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கும் தமிழ்தான் பேசுவார்கள் என்ற தைரியத்தில் போனேன். என் தமிழ் பாதிதான் செல்லுபடியாகும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. நோய் என்றால் அங்கே தீனம். மாத்திரை என்றால் குளிகை. நோய் தணிந்திருக்கிறதா என்று அறிய ‘கொறவுண்டா?’ என்று கேட்டால் போதும். தணிந்திருந்தால் ‘கொறவுண்டு’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘கொறவில்ல’. மலையாளத்திலும் அதே சொல்லுக்கு அதே பொருள்தான். அந்தக் கேள்வியை நான் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ தெரியாது. அது என் வாயில் அவ்வளவு பழகிப்போயிருந்தது. பின்னால் நடந்ததற்கு நான் சொல்லக்கூடிய ஒரே சமாதானமும் அதுதான். அது நல்ல சமாதானம் இல்லை.

எங்கள் நிலையத்தின் எல்லைக்குள் ஒரு மேடும் ஒரு சாலையும் இருந்தன. மேட்டில் இருந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகப் பெரிய வீட்டு நிலத்தில் குடில் கட்டிக் குடியிருந்தவர்கள். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்த பிறகு, குடிலும் அதைச் சுற்றிய பத்து சென்ட் மண்ணும் அவர்களுடையவை என்று பட்டயம் கிடைத்தது. அந்த மேட்டுக்கே ‘பத்து சென்ட்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆண்கள் முன்பு பனையேறினார்கள். நான் போன காலத்தில் வெட்டுகல் குழிகளில் செம்பாறையைக் கட்டி கட்டியாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அந்தக் கல்லைச் சுமந்து லாரியில் ஏற்றினார்கள். லாரி இறங்கிப்போன சாலையோரத்தில், வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. மேட்டில் குழியானது சாலையில் சுவரானது. இரண்டுக்கும் நடுவே ஒரு மைல்.

மேட்டில் இருந்த வாசகசாலையில் புதன்தோறும் காலையில் எங்கள் கிளினிக் நடந்தது. ஓடு உடைந்த கூரை, ஒரு மேசை, இரண்டு பெஞ்சுகள். அவற்றில் ஒன்று ஆடும். அந்தச் சமயத்தில் சாலையோரத்து வீட்டுக்காரி லீலா, தன் புது வீட்டின் முன்னறையைக் கிளினிக்குக்கு இலவசமாகத் தருவதாகப் பஞ்சாயத்து உறுப்பினர் மூலம் சொல்லி அனுப்பினாள். அவள் கணவன் வளைகுடாவில் மின் வேலை பார்த்தான். அறையில் மின்விசிறி உண்டு, குழல்விளக்கு உண்டு, வாசலில் பேருந்து நிற்கும். மாவட்டத்தில் இருந்த என் மேலதிகாரி, இரண்டு பகுதி மக்களின் கருத்தையும் அறிந்து எழுதும்படி கேட்டார்.

அதே வாரத்தில் காஞ்சிரங்குளம் கடலோரத்தில் வாந்திபேதி என்று என்னை அங்கே உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். கிளம்பும் அவசரத்தில் ஒரு தாளில் கோடு போட்டு நான்கு பத்திகள் அமைத்தேன்: பெயர், வீடு, கிளினிக்குக்கு வருகிறாரா, குறை. கடைசிப் பத்தியில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். ‘புகார்’ என்ற சொல்லும் என் மனத்தில் வந்தது. ‘குறை’ அதைவிட மென்மையாக, அழகாக இருப்பதாகத் தோன்றியது. நிறையப் படித்த பழக்கம் சில சமயம் இப்படித்தான் உதவும். தாள்களை எங்கள் களப்பணியாளர் சரோஜத்திடம் கொடுத்து, “எல்லா வீட்டிலும் கேட்டு எழுதிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். சரோஜம் பத்து சென்ட்டுக்கு அருகிலேயே பிறந்து வளர்ந்தவர்; ஒரு வீடுகூட விடமாட்டார்.

விடவும் இல்லை. நான் திரும்பி வந்தபோது தாள்கள் ஒழுங்காக மேசைமேல் இருந்தன. பத்து சென்ட்டில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ‘இல்லை’. சாலையோரத்தில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ‘உண்டு’.

எனக்கு இதில் வியப்பே ஏற்படவில்லை. தயவுசெய்து இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். இல்லாதவர்கள் கிடைத்ததில் நிறைவடைவார்கள், கையில் காசு வந்தவர்கள் நாற்காலியும் காற்றும் கேட்பார்கள் என்பதை நான் முன்பே எங்கோ முடிவு செய்து வைத்திருந்தேன். தாள் அதை ஆமோதித்தது. ‘எளியோர் சிறிதிலும் நிறைவு காண்கின்றனர், வசதி பெற்றோர் மேலும் வசதியை எதிர்நோக்குகின்றனர், நிறைவற்றோரின் தேவையை முதலில் கருதுதல் முறை’ என்று அறிக்கை எழுதினேன். வாக்கியம் இன்றும் மறக்கவில்லை. எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தேன் என்பதும் மறக்கவில்லை.

உத்தரவு வந்தது. அடுத்த புதன் முதல் கிளினிக் லீலாவின் முன்னறையில் நடக்கும்.

இனித் தங்கையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்டுகல் அறுப்பவர், காசநோய். எட்டு மாதங்களாகப் புதன்தோறும், குழியிலிருந்து உடம்பெல்லாம் செந்தூளோடு ஏறி வந்து குளிகை வாங்கிக்கொண்டு திரும்பவும் குழிக்கே போவார். மனைவி ரோசம்மை கூட வருவாள். நான் “கொறவுண்டா?” என்பேன். “உண்டு, டாக்டரம்மா” என்பார் தங்கையன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுவார். எடை ஏறவில்லை. நோய் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்தேன். கிளினிக் கீழே போகிறது என்று நான் சொன்ன அன்று, ரோசம்மை குளிகைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். “செரி, டாக்டரம்மா” என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், அறை தயாராகிவிட்டதா என்று பார்க்கச் சரோஜத்துடன் லீலாவின் வீட்டுக்குப் போனேன். மருந்து அலமாரியைக் காலையிலேயே இறக்கி வைத்திருந்தார்கள். லீலா தேநீர் கொண்டுவந்தாள்.

“இனிமே உங்களுக்குக் குறை ஒண்ணும் இருக்காது” என்றேன் நான்.

“எனக்கு என்ன கொறை, டாக்டரம்மா?”

“சரோஜம் வந்து கேட்டப்ப, உண்டுன்னு சொன்னீங்களே.”

“அது முதுகுவலிக்காக்கும்” என்றாள் லீலா. “சிஸ்டர் வந்து, ‘கிளினிக்குக்கு வாறியா, கொறவுண்டா’ண்ணு கேட்டாவ. நீங்க தந்த குளிகை தின்னு நல்ல கொறவுண்டு. அதனால உண்டுண்ணு சொன்னேன். நான் கொறை சொன்னேண்ணு ஆரு சொன்னது? வீட்டுக்காரருக்குக் காயிதம் போட்டு, மறுகாயிதம் வாறது வரைக்கும் காத்திருந்து தந்த எடமாக்கும் இது. எடத்தையும் தந்துட்டு கொறையும் சொல்லுவேனா?”

நான் சரோஜத்தைப் பார்த்தேன். சரோஜம் என்னைப் பார்த்தார்.

“நீங்க என்னன்னு கேட்டீங்க, சரோஜம்?”

“எப்பளும் கேக்கதுதான். கொறவுண்டாண்ணு.”

“நான் குறைன்னுல்ல எழுதியிருந்தேன்?”

“கொறைண்ணு எழுதினா கொறவுண்ணுதானே வாசிக்கும்?” என்றார் சரோஜம், சற்று எரிச்சலாகவே. “இத்தன வருசமா நம்ம வீடு வீடா ஏறிக் கேக்கது அது ஒண்ணுதானே, டாக்டரம்மா. டாக்டரம்மா நல்லதா கெட்டதாண்ணு நான் போய்க் கேட்டா, ஆளுக சிரிப்பினும்.”

தேநீர் கையில் இருந்தது. அப்போது எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் தங்கையனைப் பற்றியதல்ல, அறிக்கையைப் பற்றியது. இரண்டாவது எண்ணம்தான், மேட்டில் வீடு வீடாக எழுதியிருந்த ‘இல்லை’களைப் பற்றியது. அவை பாராட்டுகள் அல்ல. நோய் தணியவில்லை என்று ஒரு மேடு முழுவதும், தங்களில் ஒருவரான சரோஜத்திடம் சொல்லியிருந்தது. நான் அதை நன்றி என்று வாசித்திருந்தேன்.

வெயில் தாழ்வதற்குள் மேடு ஏறினோம். ரோசம்மை வேலை முடிந்து வந்து, முற்றத்தில் மரச்சீனிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். தங்கையன் உள்ளே பாயில் படுத்திருந்தார்.

“ரோசம்மை, அவருக்குக் கொறவுண்டா?”

அவள் என்னைப் பார்க்காமல் சரோஜத்தைப் பார்த்தாள்.

“நேரச் சொல்லு மக்கா. டாக்டரம்மா ஒண்ணும் நெனைக்கமாட்டாவ” என்றார் சரோஜம்.

“கொறவில்ல, டாக்டரம்மா.”

“எட்டு மாசமா எங்கிட்ட உண்டுன்னுதானே சொன்னார்?”

பதில் உள்ளேயிருந்து, இருமலோடு சேர்ந்து வந்தது. “நீங்க பஸ்சுல எறங்கி, இந்த மேட்டுல நடந்து ஏறி, வேர்த்து ஒலிச்சு இருந்து கேக்கது. இல்லண்ணு எப்பிடிச் சொல்லுகது? ஒங்களுக்கும் ஒரு மனசு இல்லியா?”

ரோசம்மை எழுந்து போய் ஒரு பவுடர் டின்னை எடுத்து வந்து என் கையில் தந்தாள். கனமாக இருந்தது. திறந்தேன். குளிகைகள்.

“வேலைக்குப் போவாத நாளுல தின்னுவாரு” என்றாள். “காலத்த வெறும் வயித்துல தின்னா தலை சுத்துது. குழிக்க வக்குல, அந்த ஒசரத்துல நிண்ணு அறுக்கணும்.”

“மேலயிருந்து விழுந்தா” என்றார் தங்கையன் உள்ளேயிருந்து, “தீனமும் இல்ல, குளிகையும் இல்ல. ஒரேயடியா கொறவாக்கும்.”

சரோஜம் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. அரைகுறையாகத் தின்ற மருந்து நோயைக் கொல்லாது. மருந்தைத் தாங்கிக்கொள்ள நோய்க்குக் கற்றுக்கொடுக்கும். அதை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். காலையில் தின்னுங்கள் என்று சொன்ன நான், காலையில் அவர் வயிற்றில் என்ன இருக்கும் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

“நாளைக்குக் கீழே வருவாரா?” என்றேன்.

ரோசம்மை கிழங்கை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள். “மேல இருந்தா, குழியிலேருந்து ஏறி வந்து வாங்கிட்டு எறங்குவாரு. கீழண்ணா அரை நாளு போவும். அரை நாளு போனா காண்ட்ராக்டர் வேற ஆளு விடுவாரு. இனி வரமாட்டாரு, டாக்டரம்மா.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. குறை உண்டுன்னு.”

அவள் கை நின்றது. “பெரிய வீட்டுல ஓணத்துக்கு வாழைக்குலை கொண்டுபோய்க் காழ்ச்சை வச்சிட்டு நிக்கும்போ கேப்பினும், ‘குறை வல்லதும் உண்டா’ண்ணு. இல்லண்ணு சொல்லணும். அதுக்காக்கும் கேக்கது. எங்க அப்பன் ஒருக்கா உண்டுண்ணு சொன்னாரு. மறுவாரம் எங்க குடிலப் பிரிச்சு வேற எடத்துல கெட்டினோம்.” கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க அப்பிடி இல்ல. ஆனாலும் நாக்கு வரேண்டாமா” என்றாள்.

அந்த மண் அவளுக்குச் சொந்தமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டயம் கூரைக்கடியில் தகரக்குழாயில் சுருட்டி வைத்திருந்தாள். பிறகொரு நாள் எனக்குக் காட்டினாள்.

மறுநாள் காலை, சாலையும் மேட்டுப்பாதையும் பிரியும் இடத்தில் சரோஜம் நின்றார். கையில் மருந்துப் பை. கீழே லீலாவின் வாசலில் பஞ்சாயத்து உறுப்பினர் சலவை வேட்டியோடு காத்திருப்பது தெரிந்தது, நாடா கட்டியிருந்தார்கள். உத்தரவு என் பையில் இருந்தது. கீழே போய்த் திறப்புவிழாவை முடித்துவிட்டு, பிறகு முறைப்படி எழுதித் திருத்திக்கொள்ளலாம் என்று இரவெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது நியாயமாகவும் இருந்தது. ஆனால் திறந்த ஒன்றை யாரும் மூடமாட்டார்கள் என்பது அரசு வேலையில் இருந்த எவருக்கும் தெரியும்.

“இப்பம் எங்க போவணும், டாக்டரம்மா?” என்றார் சரோஜம்.

“மேல.”

அலமாரி இல்லாமல், பையில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு வாசகசாலையில் உட்கார்ந்தோம். தங்கையன் வந்தார். அவருக்குச் சிகிச்சை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கியது.

அன்று பிற்பகலே மேலதிகாரிக்கு எழுதினேன். முதல் வரைவில், ‘களப்பணியாளர் வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டமையால்’ என்று எழுதினேன். அதில் பொய் இல்லை என்பதுதான் அதன் ஆபத்து. சரோஜம் அடுத்த அறையில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் கேட்டது. தாளைக் கிழித்துவிட்டு, ‘நான் பயன்படுத்திய சொல், அப்பகுதியில் நானே நாள்தோறும் வேறு பொருளில் கேட்டுவரும் சொல்’ என்று எழுதினேன். மேலதிகாரி அழைத்து விளக்கம் கேட்டார். உத்தரவை மீறி மேலே உட்கார்ந்ததற்கு ஒரு குறிப்பாணை தந்தார். கிளினிக் மேட்டிலேயே தொடரட்டும், நேரம் மாலை நான்கு மணி என்று நான் கேட்டதையும் தந்தார். இரண்டையும் ஒரே பேனாவால் கையெழுத்திட்டார். நான்கு மணிக்குக் கல்குழியில் வேலை நின்றுவிடும். ஐந்தரைக்கு வீடுகளில் கஞ்சி இருக்கும். குளிகை கஞ்சிக்குப் பிறகு.

பஞ்சாயத்து உறுப்பினர் நான் மாற்றலாகும்வரை என்னோடு பேசவில்லை. லீலாவிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். “அலமாரிய எடுக்க ஆளு விடுங்க; எனக்கு அரிசி வைக்க எடம் வேணும்” என்றாள். பிறகு வாசல்வரை வந்து, “வீட்டுல நாலு ஆளு வந்து போவுமேண்ணு நெனச்சேன். அதாக்கும்” என்றாள். அவளுக்கும் ஒரு குறை இருந்திருக்கிறது. அதற்கும் என் தாளில் இடமில்லை. அவள் மேட்டுக்கு வரவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவரிடம் போகத் தொடங்கினாள். அந்த வகையில் நான் ஒரு நோயாளியை இழந்தேன். அதையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு தங்கையனிடம் நான் ‘கொறவுண்டா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். “டின்னைக் காட்டுங்க” என்பேன். “டாக்டரம்மா இப்பம் போலீசாக்கும்” என்று பெஞ்சில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுக் காட்டுவார். டின் காலியாகத்தான் இருந்தது. எடை நத்தைபோல் ஏறியது.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை. பாறசாலையில் பேருந்து கிடைக்காமல், நான் மேடு ஏறியபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. உடைந்த ஓட்டின் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரோசம்மையும் தங்கையனும் முன்னால் வந்தார்கள்; டின் காலி. மறதியாகவோ பழக்கமாகவோ கேட்டுவிட்டேன்: “கொறவுண்டா?”

“கொறவுண்டு, டாக்டரம்மா” என்றாள் ரோசம்மை. “இருமல் நிண்ணாச்சு. ரெண்டு ஆளு அறுக்கியத ஒத்தைக்கு அறுக்காரு.”

குளிகையைக் கொடுத்தேன். அவள் வாங்கி முடிந்துகொண்டாள். ஆனால் நகரவில்லை.

“கொறையும் உண்டு” என்றாள்.

சரோஜம் மருந்து அளப்பதை நிறுத்தினார்.

“சொல்லுங்க.”

“நாலு மணிண்ணு சொல்லிட்டு அஞ்சு மணிக்காக்கும் வாறிய. போன ஆழ்ச்சையும் அப்பிடித்தான். பிள்ளைய அடுப்புக்குப் பக்கத்துல விட்டுட்டு வந்து நிக்கேன். இந்தப் பெஞ்சு எப்பளும் ஆடுது. போன மாசம் ஒரு வயசான ஆளு விழுந்தாரு. ஓடு மாத்தணும்ணு ஆரும் சொல்லேல்ல. ஓசி மருந்துதானேண்ணு நெனச்சியளா?”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் நின்றாள். பின்னாலிருந்து தங்கையன் மெதுவாகச் சொன்னார்: “இவ பட்டயம் வாங்கினது இப்பமாக்கும்.”

மேசை இழுப்பறையில் அந்தப் பழைய படிவத்தில் ஒரு வெற்றுத்தாள் மிஞ்சியிருந்தது. அதை எடுத்தேன். பெயர், வீடு, கிளினிக்குக்கு வருகிறாரா, குறை. கடைசிப் பத்தியில் ‘உண்டு’ என்று எழுதினேன். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் சரோஜம்.

“என்னண்ணு பக்கத்துலயே விவரமா எழுதுங்க, டாக்டரம்மா” என்றார். “பொறவு ஆளுகளுக்கு மாறிப்போவும்.”